வீட்டோடு பார்க்க எந்தப் பேஸ்பால் படம்?

தோற்றுக்கொண்டே இருக்கும் சிறுவர் அணி, வேண்டாவெறுப்பாக வந்து சேரும் கோச், முதல் ஆட்டத்தில் மானம் போகும் அடி, நடுவில் ஒரு திறமைசாலியின் வருகை, கடைசியில் வலுவான அணியோடு இறுதியாட்டம். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் படங்களில் பாதிக்கு மேல் இந்த அச்சில் வார்த்தவைதான். அச்சு ஒன்று என்பதால் எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ஒரு படம் எட்டு வயதுப் பிள்ளையை இரண்டு நாள் சிரிக்கவைக்கும். அதே அலமாரியில் அடுத்து இருப்பதோ அந்தப் பிள்ளையைத் தூங்கவிடாது.

இங்கே எடுத்துக்கொள்வது நான்கு படங்களை: 'தி பேட் நியூஸ் பேர்ஸ்' (1976), 'தி சாண்ட்லாட்' (1993), 'ஹார்ட்பால்' (2001), 2010இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'தி பெர்ஃபெக்ட் கேம்'. 'ரூக்கி ஆஃப் தி இயர்' (1993), 'ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்ட்' (1994) இரண்டையும் சேர்க்கவில்லை. அவற்றில் சிறுவன் உண்டு, சிறுவர் அணி இல்லை. முன்னதில் 12 வயதுப் பையன் சிகாகோ கப்ஸ் என்ற தொழில்முறை அணிக்கே பந்து வீசுகிறான், பின்னதில் தேவதைகள் இறங்கி வந்து ஒரு தொழில்முறை அணியைத் தூக்கிவிடுகின்றன. ஏ.ஆர். ரஹ்மான் இசைக்காக நம்மவர்கள் தேடிப் பார்த்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) இந்தியாவிலிருந்து போன இரண்டு இளைஞர்களின் கதை. அதுவும் வேறு ரகம்.

பொதுவாகப் பெற்றோர் முதலில் பார்ப்பது தணிக்கைச் சான்றை. இந்தப் பட்டியலில் அது அவ்வளவாக உதவாது. 'பேர்ஸ்', 'சாண்ட்லாட்', 'பெர்ஃபெக்ட் கேம்' மூன்றுக்கும் பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) சான்றுதான், 'ஹார்ட்பால்' மட்டும் பி.ஜி.-13 (13 வயதுக்குக் கீழே கூடுதல் கவனம் வேண்டும்). ஆனால் பி.ஜி.-13 என்ற பிரிவே 1984இல்தான் வந்தது. 1976இல் பி.ஜி. வாங்கிய படம் இன்று மறுபடி சான்றுக்குப் போனால் அதே பிரிவில் தேறாது. அந்த எழுத்தை நம்பி ஏழு வயதுப் பிள்ளையோடு 'பேர்ஸ்' பார்க்க உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்குள் ஒரு சிறுவன் தன் அணித் தோழர்களை இனப் பெயர் சொல்லித் திட்டுவதைக் கேட்க நேரும்.

சான்றைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: கடைசி இன்னிங்ஸில் யாரை ஆடவிடுகிறார்கள்? நல்லவர், கெட்டவர், கோப்பை எல்லாவற்றையும் தாண்டி ஒரு விளையாட்டுப் படம் பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். நான்கு படங்களும் இந்தக் கேள்விக்கு நான்கு பதில் சொல்கின்றன.

அதற்கு முன் ஆட்டம். கிரிக்கெட் தெரிந்த வீட்டில் இந்தப் படங்கள் படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம், விதி புரியாமல் பிள்ளைகள் நடுவில் விட்டுவிடுவதுதான். பத்து நிமிடம் போதும், தாளில் ஒரு சதுரத்தைச் சாய்த்து வரைந்து நான்கு முனைகளையும் காட்டிச் சொல்லிவிடலாம். கீழ்முனை ஹோம் பிளேட், அங்கேதான் பேட்டர் நிற்பார். வலப்புறம் முதல் பேஸ், மேலே இரண்டாவது, இடப்புறம் மூன்றாவது. மூன்றையும் தொட்டுவிட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 60 அடி. பந்து வீசும் பிட்சர் நிற்பது பேட்டரிடமிருந்து 46 அடியில், அதாவது 14 மீட்டரில். நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி நீளம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நெருக்கம் புரியும். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பையன் வீசினால் பந்து அரை விநாடியில் வந்துவிடும், அதுவும் தரையில் குத்தாமல்.

மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக், அடிக்க வேண்டிய பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக். எட்டாத இடத்தில் நான்கு பந்து போட்டுவிட்டால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். எல்லைக்குள் அடித்துவிட்டால் ஓடியே தீர வேண்டும். 'வேண்டாம், நில்' என்று தோழனைத் திருப்பி அனுப்ப இங்கே வழியில்லை. கேட்ச் பிடித்தால் அவுட் என்பது நமக்குப் பழக்கமானதே. மூன்று பேர் அவுட் ஆனதும் பக்கம் மாறும். இரண்டு அணியும் ஒருமுறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ், சிறுவர் ஆட்டம் ஆறு இன்னிங்ஸ்.

கிரிக்கெட் வீட்டுப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. இங்கே ஓவர் கணக்கு கிடையாது. மூன்று அவுட் எடுக்கும்வரை எதிரணி அடித்துக்கொண்டே இருக்கலாம். மோசமான அணிக்கு இது தப்பிக்கவே முடியாத பொறி. 'பேர்ஸ்' படத்தின் முதல் ஆட்டத்தில் எதிரணி 26 ரன் எடுத்துவிடுகிறது, ஒரு அவுட்கூட விழவில்லை, முதல் இன்னிங்ஸே முடியவில்லை. கோச் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். ஓவர் கணக்கில் பழகிய பிள்ளை 'எப்போ முடியும்?' என்று கேட்கும். முடியாது என்பதுதான் அந்தக் காட்சியின் நகைச்சுவையும் கொடுமையும்.

மைக்கேல் ரிட்சி இயக்கிய இந்தப் படம்தான் அச்சை வார்த்தது. வால்டர் மாத்தாவ் நடிக்கும் பட்டர்மேக்கர், மைனர் லீக் என்ற கீழ்மட்டத் தொழில்முறை ஆட்டத்தில் ஆடி முடித்து இப்போது நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்து பிழைப்பவர், குடிகாரர். தெற்கு கலிபோர்னியாவில் ஒரு லீக்கில் திறமை குறைந்த பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு வக்கீல் வழக்குப் போட்டுப் புது அணியை உண்டாக்கி, அதைப் பார்த்துக்கொள்ள இவருக்குக் காசு கொடுக்கிறார். ஜாமீன் வாங்கித் தரும் கடை ஒன்றுதான் ஸ்பான்சர். அதன் பெயர் பிள்ளைகளின் சட்டை முதுகில். தேறாத இந்த அணிக்கு அவர் தேடிக் கூட்டிவரும் பிட்சர் ஒரு பெண் பிள்ளை, அமாண்டா. நடித்தவர் டேட்டம் ஓ'நீல், அதற்குள் ஆஸ்கர் வாங்கிவிட்டிருந்தவர். வந்து சேரும் அடுத்த ஆள் கெல்லி லீக், மோட்டார் பைக்கில் சிகரெட்டோடு திரியும் போக்கிரிப் பையன்.

இதில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. லிட்டில் லீக் பெண் பிள்ளைகளை அதிகாரபூர்வமாகச் சேர்க்கத் தொடங்கியது 1974இல். நியூ ஜெர்சியில் மரியா பெப்பே என்ற சிறுமி 1972இல் மூன்று ஆட்டம் ஆடியபின் நிறுத்தப்பட, அதிலிருந்து கிளம்பிய வழக்கின் முடிவு அது. இரண்டே ஆண்டு கழித்து வந்த படத்தில் அணியின் சிறந்த பிட்சர் ஒரு பெண். அதைப் படம் ஒரு கொள்கையாகப் பறைசாற்றாமல் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. பெண் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான்கில் இது ஒன்றுதான் உண்மையான தேர்வு. மற்ற மூன்றிலும் அணியில் பெண்ணே இல்லை.

இறுதியாட்டத்தில் படம் இரண்டு வேலை செய்கிறது, இரண்டும் நிறுத்திப் பேசத் தக்கவை. முதலாவது எதிரணிப் பக்கம். எதிரணிக் கோச் ராய் டர்னர், தலையை நோக்கிப் பந்து வீசிய தன் மகனை எல்லார் முன்னாலும் அறைகிறார். அடுத்த பந்தில் பேட்டர் எங்கல்பர்க் மெதுவாகத் தட்ட, பந்து நேரே அந்த மகன் கைக்கே போகிறது. பேட்டர் ஓடி வந்து சேரும் முன் முதல் பேஸுக்கு வீசினால் சுலப அவுட். அவன் வீசவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறான். பேட்டர் நான்கு பேஸையும் சுற்றி வந்துவிடுகிறான். பையன் பந்தை அப்பா காலடியில் போட்டுவிட்டு வெளியே நடக்கிறான். மேலே சொன்ன விதிகள் தெரியாத பிள்ளைக்கு இந்தக் காட்சி வெறும் குழப்பம். தெரிந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். பத்து நிமிட வகுப்பு இதற்காகத்தான்.

இரண்டாவது, நம் பக்கத்துக் கோச். பட்டர்மேக்கரும் அதற்குள் அதே ஜெயிக்கும் வெறிக்கு வந்திருக்கிறார். வலிக்கும் கையோடு அமாண்டாவை வீசவைக்கிறார், மற்றவர்கள் பிடிக்க வேண்டிய பந்தையும் ஓடிப்போய்ப் பிடி என்று கெல்லியை ஏவுகிறார். பையன்கள் அவனை வெறுக்கிறார்கள். அந்த அறையைப் பார்த்தபின்தான் அவருக்கு உறைக்கிறது. ஆட்டம் கையில் இருக்கும்போதே பெஞ்சில் குந்தியிருந்த பிள்ளைகளை இறக்கிவிடுகிறார். எந்தப் பந்தையும் பிடித்தறியாத லூப்பஸ் என்ற பையன் ஒரு கேட்ச் பிடிக்கிறான். 7-6 என்று அணி தோற்கிறது. கடைசி இன்னிங்ஸில் யார் ஆடுகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இந்த வகைப் படங்களில் இல்லை. என் கணிப்பில் நான்கில் சிறந்த படமும் இதுவே.

சிறந்த படம் என்பதால் எல்லார் வீட்டுக்கும் ஆகாது. திட்டுச் சொற்கள் படம் முழுக்க. பட்டர்மேக்கர் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பீர் குடித்தபடி ஓட்டுகிறார். கடைசியில் பிள்ளைகளே பீரைப் பீய்ச்சி அடித்துக் கொண்டாடுகிறார்கள். டானர் என்ற பொடியன் முதல் அரை மணி நேரத்திலேயே கறுப்பினத்தவர், யூதர், மெக்சிகோக்காரர் என்று எல்லாரையும் இழிசொல்லால் அழைப்பான். ஆங்கிலம் ஓரளவு பிடிபடும் பிள்ளை அந்தச் சொல்லைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடும் ஆபத்து நிஜமானது. 12 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்க, நிறுத்திப் பேச நேரம் இருந்தால் மட்டும் போடுங்கள். 102 நிமிடப் படத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் அமாண்டாவின் கையை நிறுத்திப் பார்க்கலாம், குறிப்பாகப் பந்து வீசும் பிள்ளை வீட்டில் இருந்தால். சிறுவர்களின் தோளும் முழங்கையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு முனைகளோடு இருப்பவை. களைத்த கையில் தொடர்ந்து வீசினால் பாதிக்கப்படுவது அந்த முனைகள். லிட்டில் லீக் 2007இலிருந்து இன்னிங்ஸ் கணக்கை விட்டுப் பந்துக் கணக்குக்கு மாறியது: 11, 12 வயதினருக்கு ஒரு நாளில் 85 பந்து வரை, 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. 1976இன் கோச்சுக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. நம் ஊர் வேகப்பந்துப் பயிற்சியாளர்களில் சிலருக்கு இந்தக் காட்சியைப் போட்டுக்காட்டலாம்.

'தி சாண்ட்லாட்' இதற்கு நேர் எதிர். கோச் கிடையாது, லீக் கிடையாது, கோப்பை கிடையாது. 1962 கோடை விடுமுறை, கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு, காலி மனையில் நாள் முழுக்க ஆடும் பையன்கள். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள், ஒன்பதாவது ஆள் வேண்டும். வந்து சேரும் ஸ்மால்ஸுக்குப் பந்தைப் பிடிக்கவும் தெரியாது, எறியவும் தெரியாது. ஊர்ச் சுவரில் கரிக்கோடு போட்டு ஆடிய யாருக்கும் இந்த அணி அந்நியமாகத் தெரியாது. சீருடை போட்ட லீக் பையன்களோடு ஒரு ஆட்டம் நடக்கிறது, ஆனால் அது படத்தின் நடுவில் ஓரமாக முடிந்துவிடும். உண்மையான மோதல், வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ராட்சச நாயோடு. மாற்றாந்தந்தையின் அலமாரியிலிருந்து எடுத்து ஆடிய பந்தில் பேப் ரூத்தின் கையெழுத்து இருந்தது என்று ஸ்மால்ஸுக்குப் பிறகுதான் தெரிகிறது. பந்து வேலியைத் தாண்டிவிட்டது. அந்தப் பெயரின் மதிப்பு தெரியாதது அவன் ஒருவனுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கும் தெரியாது என்பதால் படம் போடும் முன் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: டான் பிராட்மேன் கையெழுத்திட்ட பந்தைத் தெருவில் ஆடித் தொலைத்த மாதிரி.

கடைசி இன்னிங்ஸ் கேள்வியே இங்கே எழுவதில்லை. யாரும் ஸ்கோர் எழுதுவதில்லை, எல்லாரும் எப்போதும் ஆடுகிறார்கள். அதனால்தான் 8 முதல் 11 வயது வரை இதுவே முதல் தேர்வு. எட்டுக்குக் கீழே இருந்தால் நாயைப் பற்றிய முன்கதைக் காட்சி பயமுறுத்தலாம். நாய் கடைசியில் நட்பாகிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டால் சுவாரசியம் ஒன்றும் குறையாது.

தடங்கல்கள் மூன்று. பையன்கள் புகையிலை மென்று ராட்டினத்தில் ஏறி வாந்தி எடுக்கும் காட்சி ஒன்று. அருவருப்பாக இருந்தாலும் புகையிலைக்கு எதிரான விளம்பரம்போல வேலை செய்துவிடும். இரண்டாவது, நீச்சல் குளத்தில் மூழ்குவதுபோல நடித்து உயிர்காக்கும் பெண்ணை முத்தமிடும் பையன். படம் இதை வீரமாகக் காட்டுகிறது. வீட்டில் பதின்வயதுப் பையன் இருந்தால் அது ஏன் தவறு என்று அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது, வசைச் சண்டையில் கடைசி ஆயுதமாக 'நீ பெண் பிள்ளைபோல ஆடுகிறாய்' என்பது வரும், எல்லாரும் அதிர்ந்துபோவார்கள். மகள் பக்கத்தில் இருந்தால், படம் முடிந்ததும் 2014 லிட்டில் லீக் உலகத் தொடரில் மோனே டேவிஸ் என்ற 13 வயதுச் சிறுமி வீசிய ஆட்டத்தின் காணொளியைப் போடுங்கள். எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் ஜெயித்தார்.

உண்மைக் கதைதான் வேண்டும் என்பவர்களுக்கு 'தி பெர்ஃபெக்ட் கேம்'. மெக்சிகோவின் மான்டெர்ரே நகரத்துச் சிறுவர் அணி 1957இல் எல்லை தாண்டி டெக்சாஸ் வந்து, தொடர்ந்து 13 ஆட்டம் ஜெயித்து, பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் லிட்டில் லீக் உலகத் தொடரைக் கைப்பற்றியது. அமெரிக்காவுக்கு வெளியேயிருந்து வந்து கோப்பை வென்ற முதல் அணி அதுதான். ஆகஸ்ட் 23 அன்று நடந்த இறுதியாட்டத்தில் கலிபோர்னியாவின் லா மேசா அணியை 4-0 என்று வென்றார்கள். பிட்சர் ஏஞ்சல் மசியாஸ் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடவில்லை, இதற்குப் பெயர்தான் பெர்ஃபெக்ட் கேம். ஆறு இன்னிங்ஸ், 18 பேட்டர், 18 அவுட். அந்தத் தொடரின் இறுதியாட்டத்தில் இன்றுவரை வேறு யாரும் இதைச் செய்ததில்லை. மான்டெர்ரே பையன்களின் சராசரி உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 42 கிலோ அளவில். எதிரணியோ 5 அடி 4 அங்குலம், 58 கிலோவுக்குப் பக்கம். இந்தக் கணக்கைப் படத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கண் விரியும்.

ஆனால் நடந்தது படத்தைவிடப் பெரியது, அதுதான் இதன் சிக்கல். இயக்குநர் வில்லியம் டியர் ஒவ்வொரு இடத்திலும் வயலினைக் கூட்டிக் கண்ணைக் கசக்கச் சொல்கிறார். மெக்சிகோ மக்கள் தங்களுக்குள்ளேயே ஆங்கிலம் பேசிக்கொள்கிறார்கள். பாதிரியாராக வரும் சீச் மரின் அடிக்கடி மருந்துபோல ஒரு பாடம் புகட்டுகிறார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் முதல் பாதி இழுக்கும். கடைசி இன்னிங்ஸில் இங்கே ஒரே ஒரு பையன்தான், மற்றவர்கள் அவன் பின்னால் நிற்பவர்கள். பெர்ஃபெக்ட் கேம் என்பதன் இயல்பே அது, குறை சொல்ல முடியாது. ஆனால் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு இதில் கிடைப்பது குறைவு. கெட்ட சொல் தொல்லை இல்லை. நிறவெறிக் காட்சிகள் உண்டு, கறுப்பினத்தவருக்கும் மெக்சிகோக்காரருக்கும் அன்றைய தெற்கு அமெரிக்காவில் என்ன நடந்தது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்கும் அளவில் இருக்கின்றன. தாத்தா பாட்டியோடு கூடி உட்கார ஒரு படம் வேண்டுமென்றால் யாரும் முகம் சுளிக்காதது இதுதான்.

'ஹார்ட்பால்' பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சுவரொட்டியில் சிரிக்கும் பிள்ளைகளும் கீயானு ரீவ்ஸும் இருப்பார்கள், அதை நம்பி ஏமாறாதீர்கள். சிகாகோவின் ஏழைகள் வாழும் அரசுக் குடியிருப்பு, சூதாட்டக் கடனில் மூழ்கிய ஒருவர் வாரம் 500 டாலருக்காகக் கோச் ஆகிறார். வயது போதாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜி-பேபி என்ற பொடியனைக் கடைசியில் இறக்குகிறார்கள், அவன் அடித்து ஜெயிக்கவைக்கிறான். கடைசி இன்னிங்ஸ் கேள்விக்கு 'பேர்ஸ்' அளவுக்கு நல்ல பதில். அதோடு படம் நிற்கவில்லை. அன்றே அவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகிறான். அதற்கப்புறம் கோப்பையெல்லாம் கண்ணில் தங்காது, இறுதிச்சடங்குதான் தங்கும். 13க்குக் கீழே வேண்டவே வேண்டாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், பகலில் போடுங்கள். பின்னாளில் பெரிய நடிகரான மைக்கேல் பி. ஜோர்டன் சிறுவனாக நடித்திருப்பது ஒரு கூடுதல் ஈர்ப்பு.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே படத்தால் எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. மாலையில் எல்லாருக்கும் 'சாண்ட்லாட்', சின்னவர்கள் தூங்கியதும் பெரியவர்களுக்கு 'பேர்ஸ்' என்று பிரித்துவிடலாம். இந்த வரிசை மாறக் கூடாது. 'பேர்ஸ்' பார்த்தபின் 'சாண்ட்லாட்' சப்பென்றிருக்கும். விளையாட்டுக் குழுவில் தோல்வியடைந்து திரும்பிய பிள்ளைகளுக்குப் போடுவதாக இருந்தால் 'பெர்ஃபெக்ட் கேம்' வேண்டாம், 18க்கு 18 அவுட் எடுத்தவன் கதை அன்று ஆறுதல் தராது.

தேடும்போது ஆண்டைச் சரிபாருங்கள். 'பேட் நியூஸ் பேர்ஸ்' 2005இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கத்தில் மறுபடி எடுக்கப்பட்டது, அது பி.ஜி.-13. கோச்சாக பில்லி பாப் தார்ன்டன் முகம் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். 1977, 1978இல் வந்த தொடர்ச்சிகளில் பட்டர்மேக்கரும் இல்லை, அமாண்டாவும் இல்லை. 'சாண்ட்லாட்' என்று தேடினாலும் பின்னால் எண் ஒட்டியவை வரும், 1993 என்று இருப்பதை மட்டும் எடுங்கள். சப்டைட்டிலை முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 'சாண்ட்லாட்' பையன்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு வேகமாகப் பேசுவார்கள். ஓடும் எழுத்தைப் படிக்கத் தடுமாறும் பிள்ளையாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கும்.